மார்லா திறந்து பார்த்த கியர்பாக்ஸ்

என்னுடைய கார் எழுபதாம் வருட மாடல். இரண்டு கதவு, நீளமான மூக்கு, எட்டு சிலிண்டர் இஞ்சின், அடர்ந்த பச்சை. பார்த்தவர்கள் நின்று பார்ப்பார்கள். உள்ளே எட்டிப் பார்த்து ஆட்டோமேட்டிக் கியர் என்று தெரிந்ததும் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். ஃபவுண்டரியில் வேலை பார்த்தபோது இடது முழங்காலில் அச்சுப்பெட்டி விழுந்து நசுங்கிப்போனது. என்னால் கிளட்ச் மிதிக்க முடியாது. சனிக்கிழமை காலைகளில் ஹார்டுவேர் கடை பார்க்கிங்கில் கார்களின் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காப்பி குடிக்கும் எங்கள் கூட்டத்துக்கு அது தெரியும். தெரிந்தும் விடமாட்டார்கள்.

"கார்லண்ட் ப்ரூயிட் வண்டியா? அது சர்ச்சுக்குப் போயிட்டு வர்ற வண்டிடா" என்பான் டெல் ஹோஸ்டெட்லர். "சிக்னல்ல பச்சை விழுந்தாக்கூட, போலாமா வேண்டாமான்னு கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் கிளம்பும்."

டெல் என் நெருங்கிய நண்பன். அவன் கிண்டல் எனக்கு வலித்தது என்று அவனுக்குத் தெரியாது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

இரண்டு குளிர்காலம் திட்டம் போட்டேன். கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கி, பக்கம் பக்கமாக வரைந்தேன். முதலில் இஞ்சின்: புது கேம்ஷாஃப்ட், வேறு சிலிண்டர் ஹெட், பெரிய கார்புரேட்டர். ஆனால் இஞ்சின் வேகத்தைக் கூட்டிவிட்டு கியர்பாக்ஸை அப்படியே விட்டால் பிரயோஜனமில்லை. இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய் நிறைந்த பூசணிக்காய் மாதிரி ஓர் உருளை உண்டு. டார்க் கன்வெர்ட்டர் என்பார்கள். கிளட்ச் செய்யும் வேலையை அதுதான் செய்கிறது. இஞ்சின் நன்றாகச் சுழன்று மூச்சுப் பிடித்த பிறகு வண்டியை உதைத்துத் தள்ளுகிற மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். எண்ணெய் சூடாகாமலிருக்க ஒரு கூலர். எல்லாம் நோட்டில் இருந்தது. சாப்பாட்டு மேஜையில் அதை விரித்து வைத்திருப்பேன். என் மனைவி நோரீன் அதன்மேலேயே தட்டை வைத்துவிட்டுப் போவாள்.

மாட்டுவது முழுக்க என் கையால் என்று முடிவு செய்திருந்தேன். கியர்பாக்ஸின் உள்வேலை மட்டும் எனக்கு வராது. அதை மார்லா ஸ்ட்ராபிடம் கொடுத்தேன். ஊருக்கு வெளியே, சோளக்காட்டை ஒட்டி அவளுடைய ஷெட். முப்பது வருடமாக கியர்பாக்ஸ் வேலை மட்டும் செய்கிறவள். எஸ்ரா என்று ஒரே ஓர் உதவி ஆள். மார்லா அதிகம் பேசமாட்டாள். வேலை முடித்துக் கொடுக்கும்போது மட்டும் என்னை நிறுத்திச் சொன்னாள்.

"கன்வெர்ட்டரை உள்ள தள்ளித் திருப்புங்க. டொக், டொக், டொக்னு மூணு தடவை உட்காரணும். ரெண்டு தடவை உட்கார்ந்ததும் முடிஞ்சுதுன்னு தோணும். முடியலை. அப்புறம் கியர்பாக்ஸை இஞ்சினோட சேர்க்கும்போது கையாலேயே ஒட்டிப்போகணும். ஒட்டலைன்னா வெளிய எடுங்க. போல்ட்டைப் போட்டு இழுக்காதீங்க."

"தெரியும் மார்லா" என்றேன். எனக்குத் தெரியும்தான். நோட்டிலேயே எழுதியிருந்தேன்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை மாட்டினேன். டெல்லும் கூட்டத்திலிருந்து மூன்று பேரும் என் கராஜுக்கு வந்திருந்தார்கள். நோரீன் ஒரு பெரிய பானையில் பீன்ஸும் இறைச்சியும் போட்டு சில்லி சமைத்து வைத்திருந்தாள். ஜாக்கியில் கியர்பாக்ஸை ஏற்றி இஞ்சினோடு சேர்த்தேன். ஒட்டவில்லை. கட்டைவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி.

"கன்வெர்ட்டர் சரியா உட்கார்ந்துச்சா?" என்றான் டெல். காரின் அடியில் எனக்குப் பக்கத்தில் படுத்திருந்தான்.

"உட்கார்ந்துச்சு."

"மூணு தடவையா?"

"நான்தான் மாட்டினேன், எனக்குத் தெரியாதா?"

எனக்கு இரண்டு சத்தம்தான் கேட்டிருந்தது. மூன்றாவது கேட்டதா இல்லையா என்று எனக்கே நிச்சயமில்லை. மறுபடி இறக்கி, வெளியே எடுத்து, எல்லார் முன்னாலும் முதலிலிருந்து ஆரம்பிப்பதா? சில்லிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போல்ட்டைப் போட்டு மாற்றி மாற்றி முறுக்கினேன். இடைவெளி மெல்ல மூடியது. கடைசிச் சுற்றில் உள்ளே ஏதோ 'மடக்' என்றது. "உட்கார்ந்துருச்சு பார்" என்றேன்.

மாலை நாலு மணிக்கு ஸ்டார்ட் செய்தேன். இஞ்சின் உறுமிய உறுமலில் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். எல்லாரும் கைதட்டினார்கள். கியரைப் போட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. ரிவர்ஸ் போட்டேன். அதுவும் இல்லை. இஞ்சின் மட்டும் கத்திக்கொண்டே இருந்தது.

நாலு முகங்களும் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தன. டெல்லின் உதடு துடிப்பது தெரிந்தது. இன்னும் ஒரு நொடியில் ஏதோ சொல்லப்போகிறான். அந்த ஒரு நொடியில் நான் முந்திக்கொண்டேன்.

"மார்லா சொதப்பிட்டா."

சொன்ன உடனே நிம்மதியாக இருந்தது. அதுதான் கேவலம். எல்லாரும் ஒரே குரலில் ஆமாம் போட்டார்கள். ஒருவன் தன் மச்சானுக்கும் அவள் கடையில் அப்படித்தான் ஆனது என்றான். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே எங்கள் மாவட்டத்துக் கார்க்காரர்களின் இணையப் பக்கத்தில், அசையாமல் நிற்கும் என் வண்டியின் படத்தோடு எழுதினேன். இரண்டு வருடத் திட்டம், ஒரு கடையின் அலட்சியத்தால் வீண் என்று. இருநூறு பேருக்கு மேல் அதில் கருத்துச் சொன்னார்கள். மார்லா ஒரே வரி எழுதினாள்: "கொண்டு வாங்க, பார்க்கிறேன்."

மறுநாள் தனியாக கியர்பாக்ஸை இறக்கினேன். கன்வெர்ட்டரை வெளியே இழுத்ததும் எண்ணெயோடு இரண்டு இரும்புத் துணுக்குகள் தரையில் விழுந்தன. கியர்பாக்ஸின் முன்பக்கத்து எண்ணெய் பம்பின் பல்சக்கரத்தில் இருக்கும் காதுகள் அவை. கன்வெர்ட்டர் அந்தக் காதுகளுக்கு நடுவில் உட்காராமல் அவற்றின்மேல் நின்றிருக்கிறது. நான் போல்ட்டால் இழுத்து உடைத்திருக்கிறேன். பம்ப் சுழலவில்லை, எண்ணெய் ஓடவில்லை, வண்டி நகரவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஒரு கால்மணி நேரம் சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு துணுக்குகளை உள்ளேயே போட்டு, வெளியே வழிந்ததைத் துடைத்து, நோரீனின் வண்டியில் ஏற்றி மார்லாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்று நாளில் கூப்பிட்டாள். வேலை முடிந்திருந்தது. கூலி கேட்கவில்லை.

"என்ன ஆயிருந்துச்சு?" என்று கேட்டேன். அப்படிக் கேட்ட என் குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

"பம்ப்" என்றாள். உடைந்த பல்சக்கரத்தையும் துணுக்குகளையும் ஒரு துணியில் சுற்றி நீட்டினாள். "உங்களோடது. வச்சுக்குங்க."

என்னைப் பார்த்தபடி நின்றாள். எஸ்ரா குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார், எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. நான் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இந்த முறை தனியாக மாட்டினேன். மூன்றாவது 'டொக்' தெளிவாகக் கேட்டது, சந்தேகப்படவே வழியில்லை. ஜூனில் பந்தய ஓடுதளத்தில் என் பச்சை வண்டி டெல்லின் கிளட்ச் வண்டியை ஒரு முழு வண்டி நீள வித்தியாசத்தில் தோற்கடித்தது. எல்லாரும் முதுகில் தட்டினார்கள்.

"ரெண்டாவது தடவையாவது ஒழுங்கா செஞ்சா பாரு" என்றான் டெல். "நீ கிழிச்ச கிழியில மார்லாவுக்கு புத்தி வந்துருச்சு."

நான் சிரித்தேன். கையிலிருந்த சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டேன்.

ஆகஸ்டில் நோரீன் கடைக்குப் போய்விட்டு வந்து சொன்னாள். "மார்லா கடையில எஸ்ராவை நிறுத்திட்டாங்களாம். வேலையே வர்றதில்லையாம். பதினோரு வருஷம் இருந்தவர். அவர் மனைவி அழாத குறையா சொன்னாங்க." பைகளை மேஜையில் வைத்தாள். "நீ எழுதினதுக்கு அப்புறம்தானாம்."

நான் கராஜுக்குப் போய்த் துணிப்பொட்டலத்தை எடுத்து வந்து அவள் முன்னால் பிரித்து வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நோரீன் ஒரு துணுக்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"ஏப்ரல்லேயே தெரியுமா உனக்கு?"

"மறுநாளே."

"நாலு மாசம்." வாங்கிவந்த பாலையும் முட்டையையும் எடுத்து உள்ளே வைக்க ஆரம்பித்தாள். அன்று முழுக்க என்னோடு சாதாரணமாகத்தான் பேசினாள். ஆனால் யாரோ ஒருவரிடம் பேசுகிற மாதிரி.

அடுத்த நாள் மார்லாவின் ஷெட்டுக்குப் போனேன். தனியாக ஒரு கியர்பாக்ஸைத் தூக்க முடியாமல் சங்கிலியில் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு முனையைப் பிடித்தேன். மேஜையில் இறக்கியதும் சொன்னேன்.

"மார்லா, அது என் தப்பு. நான்தான் போல்ட்டால இழுத்தேன்."

"மூடியைக் கழட்டினப்பவே தெரியும்" என்றாள், கையைத் துடைத்தபடி. "ஒரு வாரத்துல வந்து சொல்வீங்கன்னு நினைச்சேன். அப்புறம் ஒரு மாசம்னு நினைச்சேன். அப்புறம் நினைக்கலை."

"நீங்களே எழுதியிருக்கலாமே?"

"இங்க வர்றதுல பாதிப் பேர் தாங்களே கெடுத்துட்டுத்தான் கொண்டு வர்றாங்க. ஒருத்தர் தப்பை நான் வெளிய சொன்னா, அடுத்தவன் கொண்டு வருவானா? வெட்கப்பட்டு வீட்லயே வச்சிருப்பான்." குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஆனா எஸ்ராவை நிறுத்துறப்ப எழுதியிருக்கலாம்னு தோணுச்சு. பொய் சொல்ல மாட்டேன்."

"நான் என்ன செய்யணும்?"

"என்கிட்ட எதுக்கு சொல்றீங்க? எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

அன்றே எழுதினேன், உடைந்த சக்கரத்தின் படத்தோடு. பதினோரு பேர் பார்த்ததாகக் காட்டியது. ஒருவன், "பரவாயில்ல ப்ரோ, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்று எழுதியிருந்தான். சனிக்கிழமை பார்க்கிங்கில் வாய்விட்டும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நான் பயந்த சிரிப்பு வரவேயில்லை. சிலர் காப்பியைப் பார்த்தார்கள். டெல் மட்டும் கோப்பையை என் பானட்டின்மேல் வைத்தான்.

"மூணு தடவையான்னு நான் கேட்டேன்டா. உன் பக்கத்துல படுத்துக்கிட்டுக் கேட்டேன். நீ சொன்னதை நம்பி நானும் ஊரெல்லாம் போய்ச் சொன்னேன். என் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை அவங்ககிட்ட கொடுக்காதேன்னு நான்தான் தடுத்தேன்." அவன் முகம் சிவந்திருந்தது. "என்னையும் சேர்த்துப் பொய்யனாக்கிட்டியே."

அதற்குப் பிறகு பல வாரங்கள் அவன் என் பக்கம் வரவில்லை. இப்போது வருகிறான். கிண்டல் மட்டும் செய்வதில்லை.

எஸ்ரா ஃபோர்ட் வேன் நகரத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார். திரும்பி வரவில்லை. அவருக்கு எழுதிய கடிதத்துக்குப் பதிலும் இல்லை. அதைக் கேட்க எனக்கு உரிமையுமில்லை. மார்லாவிடம் சில வேலைகள் திரும்பி வந்தன. எல்லாம் வரவில்லை. கனமான கியர்பாக்ஸ் வரும் நாட்களில் சங்கிலி பிடிக்க நான் போகிறேன். அவள் வரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை.

போன வாரம் வேறு ஊரில், உதிரிபாகக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற முன்பின் தெரியாத ஆள் கல்லாவில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஸ்ட்ராப் கடைக்கு மட்டும் போயிடாதீங்க. ஒரு பச்சை வண்டிக்காரனை நாசம் பண்ணிட்டாங்க. ரெண்டு வருஷ உழைப்பாம், பாவம்."

வாசல் பக்கத்தில்தான் இருந்தது. போயிருக்கலாம்.

"அந்தப் பச்சை வண்டிக்காரன் நான்தாங்க" என்றேன். "அவங்க செஞ்ச வேலை சரியாத்தான் இருந்துச்சு. மாட்டும்போது நான் உடைச்சேன். உடைச்சுட்டு அவங்க மேல போட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏதாவது திட்டுவார் என்று நின்றேன்.

"அப்படியா" என்றார். "ஆமா, என்ன கேம்ஷாஃப்ட் போட்டிருக்கீங்க?"

நான் சொன்னேன். கன்வெர்ட்டரைப் பற்றியும் கேட்டார். அதையும் சொன்னேன். பேசப் பேச என் குரலில் பழைய பெருமை ஏறுவது எனக்கே கேட்டது. பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொண்டு, மார்லாவின் போன் நம்பரை ஒரு ரசீதின் பின்னால் எழுதி அவர் கையில் கொடுத்தேன்.