முன் இருக்கை

உடம்போடு ஒட்டிக் கிடந்த ரப்பர் உடுப்பை உரித்தெடுப்பதற்குள் இஷ்பெலுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடற்பாசி கிடந்த இடம்வரை பனி இறங்கியிருந்தது. விரல்கள் மரத்துப்போனதில், பூட்ஸ் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள். கணவன் டார்க்வில் கயாக் படகை மேலே இழுத்து ஒரு பாறையில் கட்டிக்கொண்டிருந்தான். ஆர்னிஸ்டேல் கிராமத்திலிருந்து லாக் ஹூர்ன் என்ற கடற்கழியைக் குறுக்கே கடந்து வந்தாயிற்று. இனி லார்வன் மலையில் ஏறி இறங்கி, திரும்பவும் துடுப்புப் போட வேண்டும். ஐம்பத்துமூன்று வயதில் இதற்குப் பெயர் விடுமுறையாம்!

"என்ன கிழவி, அலங்காரம் இன்னும் முடியலையா?"

"முடிஞ்சுது. நீ முதல்ல மூக்கைத் துடை."

இரண்டு பேர் உட்காரும் அந்த மாதிரிக் கயாக்கைப் படகு கிளப்பில் விவாகரத்துப் படகு என்பார்கள். இவர்கள் அதில் சண்டை போட்டதே இல்லை. கல்யாணமானதிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் வந்துகொண்டிருந்தார்கள். இஷ்பெலுக்கு எப்போதோ அலுத்துவிட்டது. இனி வரமாட்டேன் என்று இன்று சொல்லிவிடுவதாக இருந்தாள். காரிலேயே சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். வீட்டில் அவன் ஒரு அறையில் ரேடியோவோடு, இவள் இன்னொரு அறையில் தையலோடு. இதையும் விட்டுவிட்டால் இரண்டு பேருக்கும் நடுவில் என்னதான் மிஞ்சும்? அந்தப் பயம்தான் வாயைக் கட்டிப்போட்டது.

மலையில் அவன் முன்னால் போனான். பழுப்புப் புல் முடிந்து பனி தொடங்கியது, முழங்கால்வரை புதைந்தது. கணவாயில் காற்று ஆளைத் தள்ளியது. அங்கிருந்து மேலே பனி கல்லாக உறைந்திருந்ததால் பூட்ஸில் இரும்பு முட்களை மாட்ட உட்கார்ந்தார்கள். உச்சி கண்ணுக்கெதிரே தெரிந்தது. வாரை இழுத்துப் பூட்டிக்கொண்டே அவள் சொன்னாள்:

"டார்க்வில், இதுதான் கடைசி. இனிமே நான் வரலை."

அவன் பனிக்கோடரியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். பிறகு, "அப்பாடா" என்றான்.

"என்னது?"

"எனக்கு எப்பவோ அலுத்துப்போச்சு. உனக்காகத்தான் வந்துட்டிருந்தேன்."

"எனக்காகவா! நான் எப்போ கேட்டேன்?"

"முதல் தடவை வந்தப்போ நீதானே சொன்னே, வருஷா வருஷம் வரணும்னு."

"அடப்பாவி, புதுசா கல்யாணமானவ வேற என்ன சொல்வா? உனக்கு வாய் இல்லையா?"

"உனக்கு மட்டும் இருந்துச்சாக்கும்!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. எத்தனை குளிர்காலம், எத்தனை ஈரச் சாக்ஸ்! மாட்டிய முட்களைக் கழற்றினாள். உச்சிக்குப் போகாமலே இருவரும் திரும்பி இறங்கினார்கள்.

கீழே வந்தபோது கடல் வற்றி, தண்ணீர் எங்கோ தொலைவில் கிடந்தது. சேற்று மணலில் கயாக்கை ஆளுக்கொரு முனையாகத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கினார்கள். தண்ணீரை எட்டியதும் அவன் முன் இருக்கையில் இறங்கி உட்கார்ந்தான். அது எப்போதும் அவளுடைய இடம்.

"என்ன புதுசா?"

"பின்னாடி சுக்கானைக் காலால மிதிக்க முட்டி ஒத்துக்க மாட்டேங்குது. போன வருஷமே அப்படித்தான்."

அவள் பின்னால் ஏறினாள். இத்தனை வருஷத்தில் அவன் துடுப்புப் போடுவதை அவள் பார்த்ததே இல்லை. முன்னால் இருப்பவரின் வேகத்தைத்தான் பின்னால் இருப்பவர் பிடித்தாக வேண்டும். மெதுவாகப் போட்டால் அவன் அலுத்துக்கொள்வான் என்று அவள் எப்போதும் உயிரைக் கொடுத்து இழுப்பாள். இப்போது அவனுடைய இடது தோள் பாதிவரைதான் உயர்ந்தது. ஒரு இழுப்பு. மூச்சு வாங்கல். இன்னொரு இழுப்பு. இந்தத் தோளை வைத்துக்கொண்டா இவன் என் வேகத்துக்கு ஈடுகொடுத்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவளுடைய துடுப்பு முந்திக்கொண்டு போய் அவனுடையதில் இடித்தது.

"மன்னிச்சுக்கோ" என்றான் அவன், திரும்பாமலே.

அவள் துடுப்பைத் தண்ணீருக்கு மேலே பிடித்தபடி, அவனுடைய அடுத்த இழுப்புக்காகக் காத்திருந்தாள்.