அக்கா வரைந்துகொண்டிருந்த கேக்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஃபிரிட்ஜிலிருந்து வந்தது. கற்பனை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். எனக்கு அவ்வளவு கற்பனை கிடையாது. ஓவியக் கண்காட்சிகளுக்குக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவன் நான்.

என் அக்கா ஓவியர். ஒரு மிட்டாய் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் பெட்டிமேல் அச்சாகும் படங்களை வரைந்தவள். (பெட்டிக்குள் இருப்பதைவிடப் பெட்டிமேல் இருப்பதற்குத்தான் நாக்கில் எச்சில் ஊறும் என்பாள்.) வேலையை விட்டுவிட்டு அதே இனிப்புகளைக் கதவளவு பெரிதாக வரைய ஆரம்பித்தாள். தொடரின் பெயர் 'இன்னும் ஒன்று'. கண்காட்சிப் புத்தகத்துக்கு முன்னுரை எழுத என்னைக் கூப்பிட்டாள். அதிலிருந்து அவள் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "எறும்புகள் வரிசையாக ஃபிரிட்ஜை நோக்கி..." வேண்டாம். ஃபிரிட்ஜுக்குள் போய் ஒரு முழுக் கேக்கை முடிக்கிற எறும்பை நீங்கள் நம்பமாட்டீர்கள்.

இரண்டாம் தொடக்கம்: "மின்விசிறி சரிபார்க்க வந்த ஆள் காலையிலிருந்து சாப்பிடவில்லை, அவன்..." அடித்துவிட்டேன். இல்லாத ஓர் ஏழையை வரவழைத்துத் திருடனாக்குவது எனக்கே கேவலமாக இருந்தது.

மூன்றாவது: நான் தின்றேன்.

க்ரீம் கேக், மேலே ஒரு செர்ரி. விளக்குச் சூட்டில் உருகிவிடும் என்று இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, ஒன்பது நாளாக அக்கா அதை வரைந்துகொண்டிருந்தாள். (இன்னொன்று வாங்கலாமே என்பீர்கள். ஒன்பது நாளில் அந்த க்ரீம் சரிந்திருந்த விதம் இன்னொன்றில் வராது.) அன்று மத்தியானம் அவள் படங்களுக்குச் சட்டம் போடுகிறவரைப் பார்க்கப் போயிருந்தாள். அத்தான் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் ஓவியத்தின் முன்னால் குறிப்பெடுக்க உட்கார்ந்து அரைமணி நேரம் அதையே பார்த்தேன். பிறகு எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்தேன்.

ஓரத்தில் விரலால் ஒரு துளி. அது தெரியக்கூடாது என்று மறு ஓரத்தையும் சமன் செய்தேன். சமன் செய்து செய்தே பாதி போய்விட்டது. பாதிக் கேக்கை விட்டுவைப்பது இன்னும் அசிங்கம் என்று மீதியையும்... [இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.] அது இனிக்கக்கூட இல்லை. காய்ந்துபோய், பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் வாடையோடு இருந்தது.

3

இங்கே அத்தானைப் பற்றிச் சொல்லவேண்டும். முந்தைய வடிவங்களில் அவரைப் பெருந்தீனிக்காரராக எழுதியிருந்தேன், உங்கள் சந்தேகம் அவர்மேல் போகட்டும் என்று. உண்மையில் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சாதுவான மனிதர். சர்க்கரை வியாதி. போன வருடம் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். இனி இனிப்பைத் தொடமாட்டேன் என்று அக்காவின் கையைப் பிடித்துச் சொன்னார். அதன்பிறகு தொடவில்லை.

அக்கா வந்தாள், ஃபிரிட்ஜைத் திறந்தாள், அத்தானைக் கேட்டாள். என்னைக் கேட்கவே இல்லை. அவர் இல்லை என்றார், அவள் நம்பவில்லை. படம் கெட்டதற்குக்கூட அவள் அழவில்லை. அவர் காலைக் காட்டிக் காட்டி அழுதாள். நாலு தடவை இல்லை என்றவர் ஐந்தாம் தடவை, "ஆமா, நான்தான் தின்னேன். போதுமா? அழாத" என்றார்.

நான் அதே அறையில்தான் இருந்தேன். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் இருந்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. என் மடியில் குறிப்பேடு. அதில் கடைசியாக எழுதியிருந்தது: 'விலகி நின்று பார்க்கும் பார்வையாளர்'.

4

படத்தின் கீழ்மூலை வெள்ளையாகவே நின்றுவிட்டது. அந்த வெற்றிடம்தான் நுகர்வின் தீராப் பசி என்று முன்னுரையில் எழுதினேன். அக்காவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அது என் வயிறு என்று நான் சொல்லவில்லை.*

* அவளுடைய ஓவியத்துக்கு இதைவிட நல்ல பாராட்டை யாரும் தந்திருக்க முடியாது. படத்தைப் பார்த்துப் பண்டத்தைத் தின்றவன் நான் ஒருவன்தான். அதைத்தான் மறைத்து வைத்திருக்கிறேன்.

ஃபிரிட்ஜுக்குப் பூட்டு வந்தது. சாவி அக்காவிடம். அத்தானின் இன்சுலினும் அதற்குள்தான் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் அவர் அக்கா முன்னால் கை நீட்டிச் சாவி வாங்குகிறார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து நான் ஏதாவது புத்தகத்தைப் புரட்டுகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

5

முடிவு ஒன்று: நான் சொல்கிறேன், அக்கா சிரித்துவிடுகிறாள், மூவரும் சிரிக்கிறோம். (பொய்.)

முடிவு இரண்டு: அத்தான் காலமானபிறகு சொல்கிறேன். (எழுதியதுமே கிழித்துவிட்டேன்.)

வேறு வழி தெரியாமல், இதுவரை எழுதியதை அத்தானிடமே கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். முன்னமே தெரியும் என்றார். வீட்டில் இருந்தது இரண்டே பேர், அவர் தின்னவில்லை, பிறகு கணக்கு எதற்கு. அக்காவிடம் இதைக் காட்டிவிடுகிறேன், பூட்டு போய்விடும் என்றேன்.

"காட்டாதப்பா. நீ சொன்னா அவ நம்பிடுவா."

"அதுக்குத்தானே அத்தான்."

"நான் நாலு தடவ சொன்னேன், நம்பல. நீ ஒரு தடவ சொல்லுவ, நம்புவா. அத நான் பக்கத்துல நின்னு பாக்கணுமா?"

தாள்களை வரிசையாக அடுக்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

6

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. நீங்கள் இதை அச்சில் படிக்கிறீர்கள் என்றால், அத்தானின் பேச்சையும் மீறிவிட்டேன் என்று அர்த்தம். அக்காவும் படித்திருப்பாள், உடனே நம்பியிருப்பாள். அதற்குப்பிறகு அவர்கள் இருவரும் ஒரே அறையில் எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னை உள்ளே விடாதீர்கள். அத்தான் ஏதாவது சொல்வார். அது எதுவாக இருந்தாலும், முதல் தடவையிலேயே அக்கா அதை நம்புகிற மாதிரி எழுதுங்கள்.