மாதிரி வீடியோ

1

இந்தக் கதையை யாரும் எனக்குச் சொல்லவில்லை. டான்யூப் ஆற்றங்கரை நகரமான பிரைலாவில், ஒக்தாவியானின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு மேல்வீட்டில் ஒன்பது வருடம் இருந்தேன். தரை மெல்லியது. கேட்டேன்.

நான் எழுதிய முதல் வரி இப்படி இருந்தது: 'டான்யூப் அன்று சாம்பல் நிறத்தில்' — வேண்டாம். ஆற்றுக்கு இதில் போதுமான பங்கு இருக்கிறது.

2

ஃபிலோஃப்தேயா, இறந்த மகன் நேலுவின் கேமராவைக் கொண்டுவந்தாள். பாலத்தின் மேல் அவன் எடுத்த கடைசி வீடியோ திறக்கவில்லை. கேமரா பாலத்தில் கிடந்தது. அவன் ஆற்றில்.

"வழுக்கித்தான் விழுந்தான், தம்பி. அதுல இருக்கும். கோயில் பாதிரியார் சாமி, அவனே குதிச்சான்னுட்டார். தற்கொலைக்குக் கிடையாதுன்னு மணி அடிக்கல, ஜெபம் சொல்லல. கல்லறைத்தோட்டத்து வேலியோரமாப் புதைச்சோம்."

"கீழ விழுந்ததுல பேட்டரி கழண்டிருக்குக்கா, பதிவு பாதியில நின்னுபோச்சு. இதே கேமராவுல எடுத்த நல்ல வீடியோ ஒண்ணு வேணும். அதோட அமைப்பை வச்சுத்தான் இதைச் சரிபண்ணணும்."

"ஒண்ணுதான் இருக்கு. அவனோட அடக்கம். இத்தாலியில மகளுக்கு லீவு கிடைக்கல. அவளுக்காக நானே எடுத்தேன்."

அதை ஓட்டிப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: "ஆடாம எடுத்திருக்கீங்க."

"கை ரெண்டும் வேலையா இருந்துச்சு. அழ முடியல."

3

(சரிசெய்த வீடியோவில் சவப்பெட்டியின் நிழல் தெரிந்தது என்று முதலில் எழுதினேன். அழகான பொய். மாதிரி வீடியோ அமைப்பை மட்டும்தான் தரும், படத்தை அல்ல. அடித்துவிட்டேன்.)

இங்கே அவளை அழவைக்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் அவள் அவனிடம் சொல்லி நான் கேட்டது இதுதான்:

"உன் வாய் பூண்டு நாறுது. அதான் எவளும் உன்னைக் கட்டிக்கல."

"நாத்தம் போனாலும் மூஞ்சி இருக்கேக்கா."

4

வீடியோ திறந்தது. நாற்பத்தோரு விநாடி.

"ஓட்டட்டுமா?"

"நான் திரும்பிக்கிறேன். நீ பாரு. வழுக்கியிருந்தா, சாமிகிட்ட வந்து சொல்லு."

"இல்லைன்னா?"

"அப்பவும் அதையே சொல்லு."

5

தரை வழியே காற்றின் சத்தம் வந்தது. பிறகு ஏதோ விழுந்த சத்தம். படம் மேலே வரவில்லை. ஆகவே இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் நேலுவின் கால் ஈரத்தில் — இன்னொன்றில் அவனே கையை விரித்து —

இரண்டிலும் ஒக்தாவியான் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு அவளோடு கோயிலுக்கு நடக்கிறான்.

அவர்கள் திரும்பி வந்து பேசியதும் தரை வழியே கேட்டது: நேலு வழுக்கி விழுந்தான் என்றானாம். பாதிரியார் வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்தாராம். இன்னொரு சாட்சி இருந்தால் மணி அடிக்கிறேன் என்றாராம்.

நான் மேல்வீட்டில் இருந்தேன், எதையும் பார்க்கவில்லை. இவ்வளவு நேரமும் கடைக்குள் இருந்தது, இதை வாசிக்கிற நீங்கள்.