பாய்லர் மேல் இருந்த தட்டு

செம்பு பாய்லரின் அடி ஒழுகத் தொடங்கியது கார்த்திகைக் கடைசியில். அதைப் பற்றவைப்பதா, தூக்கிப் போட்டுவிட்டு கரண்ட் ஹீட்டர் மாட்டுவதா என்று செல்வநாயகியும் அவள் மகள் கயல்விழியும் பத்து நாளாகப் போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கயல்விழிக்கு எட்டாம் மாதம். பொங்கல் கழித்துத் தலைப்பிரசவத்துக்கு விருத்தாசலம் வருகிறாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கரியோடும் சாம்பலோடும் என்னத்துக்கு அல்லாட வேண்டும் என்பது அவள் கட்சி.

செல்வநாயகி பிடித்த பிடியில் நின்றாள். அது அவள் வீட்டுக்காரர் நடராசன் வாங்கிய பாய்லர். வாரம் தவறாமல் புளி போட்டு விளக்கியவரும் அவர்தான். அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. சட்டை வேட்டியெல்லாம் கொடுத்தாகிவிட்டது, சைக்கிளை அவர் தம்பி ஓட்டிப் போய்விட்டார். இதையும் விட்டால் அவர் கை பட்டது என்று வீட்டில் எதைக் காட்டுவது? பேரப்பிள்ளை குளிக்கிற தண்ணீரிலாவது தாத்தா இருக்கட்டுமே என்றாள்.

"தாத்தா தண்ணியில இருக்காருன்னு சொன்னா புள்ள குளிக்கவே வராதும்மா" என்று சிரித்தாள் கயல்விழி.

மார்கழி பிறந்து நாலாம் நாள் காலையில் சாமிதுரை வந்தார். கடைவீதியில் செம்பு, பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பற்றவைக்கிறவர். நடராசனை அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியவர். பாய்லரைக் கொல்லைக்குத் தூக்கிவந்து கவிழ்த்தார். விரல் முட்டியால் சுற்றிலும் தட்டிப் பார்த்தார்.

"செம்பு கெட்டியா இருக்குதுங்க அண்ணி. அடியில மட்டும் ஒரு வெரக்கடைக்கு விரிசல். மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாம். இத விட்டுட்டு கரண்ட்டு சாமான் எதுக்கு?"

மகளை ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது செல்வநாயகிக்கு. அந்தச் சந்தோஷத்தில் உள்ளே போய் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை எடுத்துவந்தாள். பாய்லரில் கரி போடுகிற நடுக்குழாய் மேல் அது சரியாக உட்கார வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி என்றாள்.

அதைக் கையில் வாங்கி, என்ன என்று கேட்டார் சாமிதுரை. அவள் பெருமையாகவே சொன்னாள். நடராசன் இருபத்தாறு வருஷம் பீங்கான் கம்பெனியில் சூளை பார்த்தவர். சூளையில் வேண்டிய அளவு சூடு ஏறியதும் புகை போகிற வழியை மூடிவிடுவார்கள். சூடு உள்ளேயே நின்று சாமான் பக்குவப்படும். அதே வித்தையைப் போன மார்கழியில் பாய்லருக்குக் கொண்டுவந்தார். கரி நன்றாகக் கனிந்ததும் குழாய் வாயில் இந்தத் தட்டை வைத்துவிட்டால் பாதிக் கரி போதும், இரண்டு பேர் குளித்து முடிக்கிற வரை தண்ணீர் ஆறாது. தட்டை அவரே வார்த்துச் சுட்டுக்கொண்டுவந்தார்.

பாய்லரை எங்கே வைத்து மூட்டினீர்கள் என்று கேட்டார் சாமிதுரை. பனிக்காலமாயிற்றே, பாத்ரூமுக்குள்தான் என்றாள். கதவு? சாத்தித்தான் இருக்கும். ஜன்னல்? குளிருக்கு அட்டை வைத்து அடைத்திருந்தது.

சாமிதுரை தட்டைக் கீழே வைத்தார்.

"அண்ணன் எங்க விழுந்து கெடந்தாருங்க?"

"பாத்ரூம்லதான் தம்பி. மாரடைப்புன்னு சொன்னாங்களே."

சாமிதுரை மெதுவாகச் சொன்னார். "கரிக் கங்க மூடி வச்சா அதுலேருந்து ஒரு காத்து வருங்க. நாத்தம் இருக்காது, புகை இருக்காது. ஆள சாச்சிப்புடும். எங்க பட்டறையில ஒருத்தரு மழைக்குக் கதவ சாத்திக்கினு அடுப்போரமா படுத்தாரு. காலையில எழுந்திருக்கல. மொகம் மட்டும் செவந்து கெடந்துச்சு."

"அவரு இருவத்தாறு வருஷமா சூளைய மூடினவரு தம்பி."

"சூளை கொட்டாயில இருக்குதுங்க அண்ணி. நாலு பக்கமும் தொறந்த கொட்டாய்."

செல்வநாயகி அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

போன மார்கழி முழுக்க இரண்டு பேருக்கும் தலைவலி. பனி என்று தைலம் தேய்த்துக்கொண்டார்கள். அவர் விழுந்த அன்றைக்குத் தலை பிளக்கிறது, குளிக்கவில்லை என்றுதான் படுத்திருந்தார். சுடச்சுட ரெண்டு சொம்பு ஊற்றினால் விட்டுவிடும் என்று கரி போட்டு மூட்டி, தட்டை வைத்து மூடி, அவரைக் கை பிடித்து எழுப்பி அனுப்பியது அவள். துக்கத்துக்கு வந்தவர்கள், முகம் எவ்வளவு செவசெவவென்று இருக்கிறது, தூங்குகிற மாதிரியே இருக்கிறாரே என்றார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் இந்த வருஷத்தை அவள் ஓட்டினாள்.

சாமிதுரை பக்கத்தில் வந்து குந்தினார். "யாருக்கும் தெரிய வேணாங்க. தட்ட நான் எடுத்துக்கினு போயிடறேன். பாய்லர் மேல ஒரு குத்தமும் இல்ல. கொல்லையில, தொறந்த எடத்துல மூட்டினா ஒண்ணும் செய்யாது. விரிசல பத்தவைக்கட்டுங்களா?"

அவள் எழுந்து உள்ளே போய் மகளுக்குப் போன் போட்டாள். ஹீட்டரே வாங்கிவிடலாம் என்றாள். கயல்விழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு அவள் குரல் இளகிவிட்டது. "நான்தான் ஒன்ன ரொம்பப் படுத்திட்டேன். அப்பா பாய்லரே இருக்கட்டும்மா. என் புள்ளைக்கு அதுலயே தண்ணி காய வச்சி ஊத்து."

சரி என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். மாசமான பெண்ணிடம் சொல்கிற விஷயமா இது? ஆனால் செல்வநாயகியின் வாய் அவள் பேச்சைக் கேட்கவில்லை. தட்டு, கரி, ஜன்னல் அட்டை, தான் எழுப்பி அனுப்பியது எல்லாவற்றையும் வேறு யார் வீட்டுச் சங்கதியோ போல வரிசையாகச் சொன்னாள். சொல்லி முடித்ததும் பயந்துபோய் அவசரமாகச் சேர்த்துச் சொன்னாள்.

"கொல்லையில வச்சா ஒண்ணும் ஆவாதாம் கயலு. சாமிதுரை சொல்றாரு."

"நீ மூட்டுவியாம்மா?"

கொல்லையில் சாமிதுரை பாய்லரைக் கவிழ்த்தபடியே வைத்துக்கொண்டு ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்.

"மாட்டேன்டி" என்றாள் செல்வநாயகி.