‘இதர’வுக்குள் போன மெக்கானிக்

குடிநீர் அலுவலகத்தின் பம்ப் மெக்கானிக் தன் மாற்றல் உத்தரவைத் தேடி ‘இதர’ என்ற கோப்புக்குள் இறங்கி ஐந்து மாதம் வெளியே வரவில்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவை உள்ளே நீட்டுவார்கள். கழுவிய டப்பா திரும்பி வரும். ஆள் நலம் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டார்கள்.

கோப்பு அப்படி வீங்கியதற்கு யாரையும் தனியாகக் குறை சொல்ல முடியாது. அந்த அலுவலகத்தில் பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாம் பிரெஞ்சு. தலைமையகம் அனுப்பிய கணினியோ கோப்புத் தலைப்புகளை ஆங்கிலத்தில்தான் வைப்பேன் என்று அடம்பிடித்தது. அரைகுறையாகத்தான் புரிகிறது என்று சொல்ல வெட்கப்பட்டு எல்லோரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்கள். ஐயமில்லாமல் புரிந்த தலைப்பு ‘இதர’ ஒன்றுதான். குழாய் உடைந்த புகார், விடுப்புக் கடிதம், தொட்டியின் வரைபடம், சகலமும் அதற்குள் போயின. முதல் வருடம் அது அலமாரியை நிறைத்தது. அடுத்த வருடம் பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். அதற்கும் அடுத்த வருடம் உள்ளே போகிறவர்கள் குடை எடுத்துப் போனார்கள். அங்கே அவ்வப்போது தூறும்.

மெக்கானிக்கின் மனைவி வேறு ஊரில் பள்ளி ஆசிரியை. உத்தரவு கையில் இல்லாமல் அந்த ஊர் அலுவலகம் அவரைச் சேர்த்துக்கொள்ளாது. பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் கைக்குழந்தையோடு வந்து கோப்பின் வாசலில் நின்றாள்.

“இன்னும் எத்தனை நாளைக்கு உள்ளயே இருப்பீங்க? பையன் குப்புற விழுந்துட்டான், தெரியுமா?”

“இங்க எல்லாமே இதரதான்டி. எதுன்னு தேடுறது?” என்றது தூரத்துக் குரல். அழுதிருக்கிறார் என்பது குரலிலேயே தெரிந்தது.

கோப்பறையைக் கவனித்துவந்த பெண்ணுக்கு சாவிக்கொத்து என்று பட்டப்பெயர். இதைக் கேட்டதும் அவள் நேரே மேலாளரிடம் போனாள். “சார், இந்தத் தலைப்பெல்லாம் உங்களுக்காவது புரியுதா?”

மேலாளர் கதவைச் சாத்தினார். “சத்தியமா இல்லம்மா. உங்களுக்கெல்லாம் புரியுதுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!”

அன்றே, காபி குடிக்கும்போது வாயில் வரும் பிரெஞ்சுச் சொற்களையே சீட்டுகளில் எழுதி அலமாரிகளில் ஒட்டினார்கள். ‘விடுப்பு’ என்று ஒட்டியதும் விடுப்புக் கடிதங்கள் வரிசையாக நடந்து வந்து ஏறிக்கொண்டன. குழாய்ப் புகார்கள் கொஞ்சம் ஈரமாக வந்தன. ‘மாற்றல்’ சீட்டின் பசை காய்வதற்குள் மெக்கானிக்கே வந்துவிட்டார், ஒரு கையில் குடை, மறு கையில் உத்தரவு. உத்தரவை மனைவியிடம் நீட்டிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். கணினிக்காக ஆங்கிலத் தலைப்பைக் கீழே பொடி எழுத்தில் போட்டார்கள், அதுவும் முணுமுணுக்கவில்லை.

‘இதர’ இப்போதும் இருக்கிறது, அந்தக் குடை ஒன்றுதான் அதில். மெக்கானிக் வீட்டில் மேசை இழுப்பறை ஒவ்வொன்றுக்கும் மனைவி ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கிறாள். ஒன்றுக்கு மட்டும் இன்னும் பெயரில்லை. அவர் அதன் பக்கம் போனால், இப்போது நடை பழகிவிட்ட பையன் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறான். அவரும் திறப்பதில்லை.