கேள்வி அடி, பதில் அடி

நாற்காலியை மாற்றிப் போடச் சொன்னதற்குத்தான் சின்னவன் அத்தனை கத்து கத்தினான். மேடை நிர்வாகி பாவம், பல்லைக் காட்டிக்கொண்டே, "கேமராவுக்கு ரெண்டு பேர் முகமும் தெரியணும் சார், பக்கத்துப் பக்கத்துல உக்காருங்க" என்றுதான் சொன்னார். "முடியாது! எங்கண்ணனுக்கு எதிர்லதான் உக்காருவேன்" என்று அரங்கமே அதிரக் கத்தினான் என் கொழுந்தன். விளக்குக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏணியில் நின்றபடியே திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

என் வீட்டுக்காரர் தம்பியின் நாற்காலியைத் தானே தூக்கி வந்து தன் நாற்காலிக்குப் பக்கத்தில் நங்கென்று வைத்தார். பிறகு என்னிடம் வந்து, "இன்னையோட சரி. அடுத்த நிகழ்ச்சிக்கு வேற ஆள் பாத்துட்டேன்" என்றார்.

"உங்க தம்பிங்க."

"தம்பியா? கூப்பிட்டா திரும்புறானா? போன் பண்ணா எடுக்கிறானா? துரை பெரிய மனுஷனாயிட்டாரு."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கொஞ்ச காலமாகவே சின்னவன் போக்கு சரியில்லை. "அண்ணி, கடையில உப்பு தீந்துபோச்சா?" என்று என்னை வம்புக்கிழுக்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் இப்போது வருகிறான், குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுகிறான், போகிறான். நாலு பேர் பாராட்டியதில் தலைக்கனம் ஏறிவிட்டது என்று நானும்தான் நினைத்தேன்.

எங்கள் வாசிப்பு பேச்சு மாதிரி. மூத்தவர் மேளத்தில் ஒரு கேள்வி அடிப்பார், இளையவன் பதில் அடிப்பான், நடுவில் நான் பாடுவேன். மாமனாரும் அவர் தம்பியும் அப்படித்தான் வாசித்தார்கள், அவர்களுக்கு முந்தியவர்களும் அப்படித்தான். இந்தத் தாளத்தை வைத்துத்தான் எங்கள் சனம் தன்னை இன்னாரென்று சொல்லிக்கொள்கிறது என்று அறிவிப்பாளர் பெண் தாளைப் பார்த்துப் படித்தாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது அவளுக்கு எங்கே தெரியும்?

முதல் இரண்டு பாட்டும் வழக்கமானவை, குறையில்லாமல் போயின. மூன்றாவதில் என் வீட்டுக்காரருடைய ஆத்திரம் கைக்கு வந்துவிட்டது. ஒத்திகையில் இல்லாத ஒரு கேள்வியை அடித்தார், சபையில் தம்பியைத் திணறடிக்க வேண்டுமென்றே. புதுக் கேள்வி என்றால் சின்னவனுக்குக் கொண்டாட்டம். கேட்ட மாத்திரத்தில் அதையே திருப்பி, கூடவே ஒரு வாலும் ஒட்டி அனுப்புவான். அன்று பழைய பதிலை அடித்தான். இவர் இன்னொரு புதுக் கேள்வி போட்டார். அதற்கும் அடுத்த பழைய பதில்தான் வந்தது, சம்பந்தா சம்பந்தமில்லாமல், ஆனால் துளியும் தடுமாறாமல். கூட்டம் இதுவும் ஒரு புதுமை போல என்று கைதட்டியது.

நான் திரும்பிப் பார்த்தேன். சின்னவன் கழுத்தை வளைத்து அண்ணன் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். மேளம் மறைத்ததில், கை ஆடுகிறதா நிற்கிறதா என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. நின்றால் இவன் தொடங்கினான், அவ்வளவுதான். அட கடவுளே, இவனுக்குக் காது கேட்கவில்லை! கூப்பிட்டால் திரும்பாதது, போனை எடுக்காதது, எதிரே உட்கார அப்படி அடம்பிடித்தது, எல்லாம் அதற்குத்தானா? வாய்க்கு வந்தபடி எத்தனை பேசியிருப்போம் இவனை.

அவரும் கண்டுகொண்டார். அடுத்த கேள்வியை அடிக்க வேண்டிய இடத்தில் அவர் கை அந்தரத்தில் நின்றது. கை நின்றதைப் பார்த்து, தன் முறை வந்துவிட்டதென்று சின்னவன் பதிலைத் தொடங்கிவிட்டான். கேட்காத கேள்விக்குப் பதில். முழுதாக அடித்து முடித்து, சரிதானே என்பதுபோல அண்ணனைப் பார்த்தான்.

அதன் பிறகு இவர் ஒரு புதுக் கேள்வியும் கேட்கவில்லை. தம்பி என்ன பதில் சொல்லப்போகிறானோ அதற்குத் தகுந்த கேள்வியைத் தேடித் தேடி, உடம்பையே அவன் பக்கம் திருப்பி, கைகளைத் தோளுக்கு மேல் தூக்கித் தூக்கி அடித்தார், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. நான் அழுதுகொண்டேதான் பாடினேன். முன்வரிசையில் ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம், "எப்படி உருகிப் பாடுறாங்க பாரு" என்று சொன்னது காதில் விழுந்தது.

இடைவேளை விட்டார்கள். உள்ளறையில் சின்னவன் எங்களுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்றார் என் வீட்டுக்காரர்.

தேநீர் கொண்டுவந்தவர் நின்றுவிட்டார்.

"டேய், உன்னத்தான்டா." குரல் உடைந்தது. "தம்பி... தம்பீ!"

அறையிலிருந்த எல்லோரும் திரும்பினார்கள். சின்னவன் மேளத்தை மடியில் சாய்த்து ஒரு வாரை இழுத்துக் கட்டினான். தோலை ஒற்றை விரலால் தட்டினான். குனிந்து, கண்ணை மூடி, காதை அதன்மேல் வைத்து வெகுநேரம் அப்படியே இருந்தான். பிறகு நிமிர்ந்து வாரை இன்னும் கொஞ்சம் இறுக்கினான். மறுபடி தட்டிவிட்டு மறுபடியும் காதை வைத்தான்.