சபையில் ஐவியின் பெயர்

லேடர் லேனை இடித்துவிட வேண்டும் என்பதில் ஆம்ப்ரோஸ் டஃபினுக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. அவன் பிறந்ததே அந்தச் சந்தில்தான். ஸ்டோர்பரி ஊர் குன்றின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. கடைவீதி, தேவாலயம், நகர மன்றம் எல்லாம் மேலே. அங்கிருந்து ஏணியைச் சாய்த்து வைத்தது போலக் கீழே இறங்கும் கல் பாவிய சந்து அது. வீடுகளின் பின்சுவர் குன்றின் மண்ணோடு ஒட்டியிருக்கும். மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும். ஊருக்கெல்லாம் குழாய் வந்த பிறகும் சந்து முழுமைக்கும் ஒரே அடிபம்புதான். அதுவும் கக்கூஸ் வரிசைக்குப் பக்கத்தில்.

இரும்புச் சாமான் கடை வைத்து முன்னுக்கு வந்து, கவுன்சிலராகி, கடைசியில் மேயராகவும் ஆனபோது, கழுத்தில் அந்தக் கனத்த சங்கிலியைப் போட்டுக்கொண்டு அவன் சொன்ன முதல் பேச்சே இதுதான்: "லேடர் லேன் ஜனங்களுக்கு அடிவாரத்துல புது வீடு கட்டணும். ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய், குளிக்கிற தொட்டி, வெயில் விழற ஜன்னல். அதுக்கப்புறம்தான் மத்தது."

எதிர்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அந்த வீடுகளின் சொந்தக்காரர் ஹஸ்கெட். வாடகை போய்விடும் என்ற கவலை அவருக்கு. இன்னொருத்தி ஆம்ப்ரோஸின் சொந்த அக்கா லவீனியா.

அம்மா சீக்கிரமே போய்விட, ஆம்ப்ரோஸைத் தூக்கி வளர்த்தவள் லவீனியாதான். கல்யாணமாகியும் சந்திலிருந்த அந்தப் பிறந்த வீட்டிலேயே இருந்தாள். புருஷன் பிரான்ஸ் யுத்தத்தில் செத்தான். ஒரே மகள் ஐவி நாலு வயதில் தொண்டை அடைப்பான் வந்து போனாள். அதற்குப் பிறகு ஊரார் துணியை வெளுத்து இஸ்திரி போட்டுக் கொடுத்துக்கொண்டு தனியாகவே காலம் தள்ளினாள்.

சந்தை நாளில் வெண்ணெய்க்கடைக்காரி அவனை மறித்தாள். "என்ன மேயரே, அக்கா வீட்டையே இடிக்கப் போறீங்களாமே? அடுத்து மாமியார் வீடா?"

"மாமியார் வீடு உங்க தெருவுலதாம்மா இருக்கு. வரிசையா வருவேன், கொஞ்சம் பொறுங்க" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனான்.

அவள் அடுப்பில் இரண்டு இஸ்திரிப் பெட்டிகளைக் காயவைத்து மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, புது வீட்ட வந்து ஒரு தடவ பாரு. பார்த்துட்டு வேண்டாம்னு சொல்லு."

"பார்த்தேனே. பொம்மை வீடு மாதிரி நல்லா இருக்கு. அந்தச் சங்கிலிய மாட்டிக்கிட்டு நீயே போய் இரு."

"இந்தச் சுவத்தத் தொட்டுப் பாரு. ஈரம் சொட்டுது."

"நாப்பது வருஷமா தொட்டுக்கிட்டுதான்டா இருக்கேன்." பெட்டியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "என் பொண்ணு இந்த ரூம்ல படுத்திருந்தா. இங்கதான் கடைசியா என்னப் பார்த்தா. இதையும் இடிச்சுட்டா நான் அவளத் தேடி எங்கடா போறது?"

அவள் கேட்டது அவனுக்குப் புரிந்தது. ஆனால் சந்தில் இன்னும் பதினைந்து இருபது குழந்தைகள் இருந்தார்கள். இவளுக்காக அவர்களை விட முடியுமா என்று யோசித்துக்கொண்டே மேடேறி வீட்டுக்கு வந்தான்.

ஆட்சேபம் வந்ததால், லண்டனிலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். மன்றத்து மாடி நிறைந்துவிட்டது. ஜன்னலோரம் ஆம்ப்ரோஸின் மகன் சிரில் நின்றான். இருபத்தொரு வயது, நல்ல உயரம், அத்தையின் செல்லப்பிள்ளை. அவள் உட்கார நாற்காலி தேடிக் கொண்டுவந்து போட்டவனும் அவன்தான்.

ஹஸ்கெட்டின் வக்கீல் கெட்டிக்காரர். நகரசபை டாக்டரை மடக்கினார், அளவு எடுத்த ஆளைத் திணறடித்தார். அதிகாரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் ஆம்ப்ரோஸுக்குப் பயம் வந்துவிட்டது. காரியம் கைநழுவுகிறது என்று தோன்றியது. எழுந்தான். முன்பே யோசித்துவைத்த பேச்சு இல்லை அது.

"ஐயா, ஒன்பதாம் நம்பர் நான் பொறந்த வீடு. என் தம்பி அங்கதான் இருமி இருமிச் செத்தான். என் அக்கா பொண்ணு ஐவி, நாலு வயசு. அந்த ஈரமும் அந்தப் பம்புத் தண்ணியும்தான் அவ தொண்டைய அடைச்சுது. எங்க அக்கா ராவும் பகலும் அந்தப் பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. மூச்சுக்குத் தவிச்சே போய்ச் சேந்தா. இன்னும் எத்தன பேர் போகணும்?"

பேசி முடித்து உட்கார்ந்தான். அவன் அக்காவின் பக்கம் திரும்பவில்லை.

வக்கீல் உடனே அவளை எழுப்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. அந்த வீடுதான் உங்க குழந்தையக் கொன்னுதா?"

லவீனியா எழுந்து நின்றாள். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். அவள் கண் ஜன்னலோரம் போனது. அங்கே சிரில் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான், முகம் கலங்கி.

"எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றாள். குல்லாயைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

அதோடு வழக்கு முடிந்தது போலத்தான். வெளியே வந்தவனிடம் ஆளாளுக்குக் கைகொடுத்தார்கள்.

வீட்டில் அவன் மனைவி ஹெஸ்டர் ரொட்டியை வெட்டி வைத்திருந்தாள். அவன் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தும் அவள் உட்காரவில்லை.

"உங்கள யாரு அந்தப் பிள்ள பேர எடுக்கச் சொன்னது?"

"உண்மையத்தானே சொன்னேன்."

"உண்மையா?" அவள் ரொட்டிக் கத்தியை மேஜைமேல் போட்டாள். "அந்த வருஷம் கடையில சரக்கு வந்து இறங்கின வாரம். சிரிலுக்குத் தொண்டை வலி, லேசாக் காய்ச்சல். சளின்னு நெனச்சு உங்க அக்கா வீட்டுல விட்டோமே, ஞாபகம் இருக்கா? ரெண்டு பிள்ளைங்களும் ஒரே போர்வைக்குள்ள கிடந்துதுங்க. நம்ம பையன் எழுந்துட்டான். அவ பொண்ணு எழுந்திருக்கல."

அவன் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான்.

"சிரில்கிட்டேர்ந்துதான் ஒட்டிச்சுன்னு டாக்டர் அவகிட்டயும் எங்கிட்டயும் சொன்னாரு. உங்க அக்கா என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'ஆம்பிக்குத் தெரிய வேண்டாம், உடைஞ்சு போயிருவான். அந்தப் பையன் காதுல எப்பவுமே விழக்கூடாது'ன்னா. இத்தன வருஷமா வாய மூடிக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு நீங்க ஊரையே கூட்டி வச்சு, அவ வீடுதான் பிள்ளையக் கொன்னுதுன்னு சொன்னீங்க. அவ அதையும் வாங்கிக்கிட்டுப் போறா."

ஆம்ப்ரோஸ் அப்படியே எழுந்து சந்துக்குள் இறங்கினான். தூறல் போட்டிருந்தது, கல் வழுக்கியது. லவீனியா விளக்குகூட ஏற்றாமல் அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஹெஸ்டர் சொல்லிட்டாளா?" என்றாள்.

"அக்கா, நாளைக்கு அதிகாரி கிளம்பறதுக்குள்ள போய்ப் பார்க்கிறேன். நான் சொன்னது தப்புன்னு சொல்லிடறேன்."

"சொல்லி? ஏன் தப்புன்னு கேப்பாரு. யார்கிட்டேர்ந்து ஒட்டிச்சுன்னு கேப்பாரு. சந்தைக்கு வர்ற அத்தன பேரும் சிரிலப் பார்த்து இவனாலதான்னு பேசுவாங்க. உன் பையன் எனக்கு நாற்காலி போட்டான்டா இன்னிக்கு."

"அப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ணாத. சந்துப் பிள்ளைங்க வெயில் படற வீட்டுக்குப் போகட்டும், நல்லதுதான். நீ நெனச்சது தப்பில்ல." அவள் அடுப்புத் தணலைக் கிளறிவிட்டாள். "ஆனா நான் பொத்திப் பொத்தி வச்சிருந்தத நீ எடுத்துக் கூட்டத்துல போட்டுட்ட. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன், அவ்வளவுதான். போ ஆம்ப்ரோஸ். கல்லு வழுக்கும், பார்த்துப் போ."

சின்ன வயதிலிருந்து அவனை "ஆம்பி" என்றுதான் கூப்பிடுவாள். முழுப்பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு எப்போதும் முழுப்பெயர்தான்.

உத்தரவு வந்தது, சந்து இடிபட்டது. லவீனியா புது வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. பள்ளத்தாக்கில் இருந்த வேறோர் ஊரில் ஒரு தையற்காரியின் மாடி அறைக்கு, இரண்டு இஸ்திரிப் பெட்டிகளோடும் ஒரு படுக்கையோடும் போய்விட்டாள். புது வீடுகளைத் திறந்த அன்று வாத்தியக்குழு வாசித்தது. பெண்கள் குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு தாய் அவன் கையைப் பிடித்து முத்தமிட்டாள். அவனுக்கு அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"அத்தை ஏன்ப்பா வரல?" என்றான் சிரில்.

"மூட்டுவலிடா."

மறுமுறை மேயராக இருக்கச் சொல்லிக் கேட்டார்கள். கடையைக் கவனிக்க ஆளில்லை என்று சொல்லிவிட்டான். மாதம் ஒருமுறை பஸ் பிடித்து அக்காவைப் பார்க்கப் போவான். அவள் கதவைத் திறப்பாள், டீ கொடுப்பாள், சிரிலைப் பற்றி விசாரிப்பாள். சில மாதம் கதவு திறக்காது; உள்ளே அவள் நடக்கும் சத்தம் மட்டும் கேட்கும். கொண்டுபோன ஜாம் பாட்டிலை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவான்.

அடுத்த யுத்தம் வந்து மூன்றாவது குளிர்காலத்தில் அவள் மார்ச்சளியில் போய்ச் சேர்ந்தாள். குன்றின் மேல், மகளுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். சிரில் விடுப்பு வாங்கி, பட்டாள உடுப்போடு வந்து சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தான். எல்லோரும் கலைந்த பிறகு ஐவியின் சின்னக் கல்லில் படிந்திருந்த பாசியை விரலால் சுரண்டினான்.

"நாங்க ஒண்ணா விளையாடியிருக்கோமாப்பா? எனக்கு ஞாபகமே இல்ல. அத்தைகிட்ட கேட்டா சிரிப்பா, ஒண்ணும் சொல்ல மாட்டா."

"நல்லா விளையாடுவீங்க" என்றான் ஆம்ப்ரோஸ்.

"பாவம், அந்த ஈர வீட்டுல மாட்டிக்கிச்சு. நல்லவேளை நீங்க அதை இடிச்சீங்க."

ஆம்ப்ரோஸ் ஆமென்று தலையசைத்தான். உடனே, எங்கே பிள்ளை தன் முகத்தைப் பார்த்துவிடுவானோ என்று தொப்பியைத் தலையில் இழுத்து வைத்துக்கொண்டான். பனி உறைந்து பாதை கண்ணாடியாகியிருந்தது. சிரில் கையை நீட்டினான். அவன் அதைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் மெல்ல நடந்தான்.